பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு நூல்: காயல்பட்டினத்துப் புது வீட்டில் ஸ்பீக்கருக்கு இடம் பார்ப்பது

காயல்பட்டினத்தில் சினிமா தியேட்டர் கிடையாது. ஊர்க்காரர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகவே சொல்வார்கள். பெரிய திரையில் படம் பார்க்க வேண்டுமென்றால் ஊர் எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இப்போது எழும்பும் வீடுகளின் வரைபடங்கள் சிலவற்றில் ‘ஹோம் தியேட்டர்’ என்று ஓர் அறை குறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். சினிமாவுக்காக மட்டும் கேட்கிற அறை அல்ல அது. இது கால்பந்துக்கு உயிரை விடும் ஊர். உலகக் கோப்பை வந்தால் மைதானத்தின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்க வேண்டும். ரஜப் மாதம் முழுக்க நடக்கும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸின் உரைகளை வீட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். நாகூர் ஹனீபாவின் குரலை அதன் முழுக் கம்பீரத்தோடு கேட்க ஆசைப்படும் பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

போன ஆண்டு ஒரு நண்பர் தம் மகளுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். காயலில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். அதனால் பெண்ணின் வீட்டைத் தகப்பன் வெகு கவனமாகக் கட்டுவார். சுவர் எழும்பி, தளம் போட்டு, பூச்சு வேலை தொடங்காத நேரம். ஸ்பீக்கரைப் பற்றி நான் பேச்செடுத்ததும், “அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம். முதல்ல ஊடு முடியட்டும்” என்றார். “இல்ல காக்கா, ஊடு முடிஞ்ச பிறகு பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது” என்றேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். ஸ்பீக்கரின் இடம் கடையில் தீர்மானமாவதில்லை. செங்கல் தெரியும் நாளில், சுவரில் பைப் புதைக்கும் நாளில் தீர்மானமாகிவிடுகிறது. அன்றைக்கு யாரும் கேட்காவிட்டால் எலக்ட்ரீசியன் டி.வி.க்கு ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு எத்தனை லட்சம் போட்டு வாங்கினாலும் அந்தப் பெட்டிகள் வயர் எட்டும் இடத்தில்தான் நிற்கும்.

சுற்றிலும் ஒலி வரும் அமைப்பு நம் வீட்டுக்குள் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தது. அடுத்த ஆண்டு ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியில் வந்தது. 2012 டிசம்பரில் ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸோடு வந்தபோது, தலைக்கு மேலிருந்தும் ஒலி இறங்கியது. தியேட்டரில் வந்தவை ஒவ்வொன்றும் சில ஆண்டுகளில் வீட்டுக்கான பெட்டிகளாகக் கடைக்கு வந்தன. காயலுக்கோ அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்கும் சபர் போனவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து இறக்கிய வீடுகள் இவை. நல்ல கருவியை மதிப்பது இந்த ஊருக்குப் பழகிய விஷயம். கருவிக்கு அறை கட்டுவதுதான் புதிது.

எத்தனை ஸ்பீக்கர் வேண்டும் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பக்கத்தில் இரண்டு, பாஸுக்கு ஒரு சப்வூஃபர் என்ற 5.1 போதும் என்பது ஒரு கட்சி. பின்னால் இரண்டும் கூரையில் நான்கும் சேர்த்து 7.1.4 இல்லாவிட்டால் ஹோம் தியேட்டரே இல்லை என்பது மற்றது. விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சியில் இருப்பார்கள். பெரிய அறை, நடுவில் தனியாகப் போட்ட சோபா, நாலு பக்கமும் காலி இடம் என்றால் இரண்டாவது கட்சி சொல்வது நியாயம்தான். ஆனால் காயலின் மனைகள் தெருவிலிருந்து உள்ளே நீளமாக ஓடுபவை, அகலம் குறைந்தவை. அறை பதினோரு அடி அகலமும் பதினாறு அடி நீளமும் அமைந்தாலே நல்லது. அந்த அறையில் சோபா பின்சுவரை ஒட்டித்தான் போடப்படும் என்றால் பின் ஸ்பீக்கர் காதோரத்தில் கத்தும், அவ்வளவுதான். சரியான இடத்தில் வைத்த 5.1, இடமில்லாமல் திணித்த 7.1.4ஐ விட எல்லா வகையிலும் மேலானது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டி.வி.க்குக் கீழே வைக்கும் சவுண்ட்பார் வேறு வகை. பேச்சு தெளிவாகக் கேட்க அது போதும். சுற்றிலும் ஒலி வேண்டுபவருக்குப் போதாது.

இடம் பார்க்கும் வேலை ஸ்பீக்கரில் தொடங்குவதில்லை, உட்காரும் இடத்தில் தொடங்குகிறது. நண்பர் வீட்டில் நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். சிமென்ட் தூசி படிந்த தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டோம். திரை வரும் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, பக்கச்சுவர்களுக்கு நடுவாக. பின்னால் ஆறடி மிச்சம் இருந்தது. கொத்தனாரிடம் நூல் உருண்டையும் சாக்பீஸும் வாங்கிக்கொண்டோம். திரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால், பக்கச்சுவரிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, இடமும் வலமும் இரண்டு புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே எட்டடி. நாற்காலியில் காது இருக்கும் இடத்திலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் நூலை இழுத்துப் பார்த்தோம். இரண்டு நூலும் ஒரே நீளம், ஏறக்குறைய ஒன்பதடி. நேர் முன்னால் பார்க்கும் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் இருபத்தாறு, இருபத்தேழு பாகை வந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை முப்பது பாகை. டால்பி சொல்வது இருபத்திரண்டு முதல் முப்பது வரை. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் அமைந்தால் முப்பது பாகை தானாகவே வந்துவிடும். 3, 4, 5 என்று நூல் பிடித்து மூலைமட்டம் பார்க்கும் கொத்தனாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. நாங்கள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் நூலைப் பிடித்து நின்றார்.

அடுத்து பக்க ஸ்பீக்கர்கள். காதுக்கு நேர் பக்கத்தில் வைப்பதல்ல, சற்றுப் பின்னால். 5.1 அமைப்புக்குச் சர்வதேசப் பரிந்துரை நூறு முதல் நூற்றிருபது பாகை. பதினோரு அடி அகல அறையில் நடு இருக்கையிலிருந்து பக்கச்சுவர் ஐந்தரை அடி. அந்தச் சுவரில் காதுக்கு நேரான புள்ளியிலிருந்து இரண்டடி பின்னால் போனால் நூற்றுப்பத்து பாகை வந்துவிடும். அந்த இரண்டடியைச் செங்கல்லிலேயே சாக்பீஸால் குறித்துவிடலாம். அந்த இடத்தில் ஜன்னலோ கதவோ வருமானால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாளும் அதுதான். அந்த வீட்டில் ஒரு பக்கம் கதவு வந்தது. கதவை ஒன்றரை அடி நகர்த்த நண்பர் அன்றைக்கே சம்மதித்தார். பூச்சு முடிந்திருந்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் சுவரிலும் இன்னொன்று கதவுக்கு மேலேயுமாக, ஆயுசுக்கும் சாய்ந்தே இருந்திருக்கும்.

இந்தச் சாய்வு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு ஜெர்மானியர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் செய்த ஆய்வு பதில் சொல்கிறது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால், முதலில் காதை அடைவது எதுவோ அங்கிருந்துதான் ஒலி வருகிறது என்று மூளை முடிவு கட்டிவிடும். ஒலி ஒரு மில்லி நொடியில் ஓரடிக்குச் சற்று மேல் நகர்கிறது. மற்றதைவிட நாலடி பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் மூன்று மில்லி நொடிக்கும் மேலாக முந்திக்கொள்ளும். இன்றைய ஆம்ப்ளிஃபயர்களோடு வரும் சிறிய மைக், தூரத்தை அளந்து இந்தத் தாமதத்தைச் சரிசெய்யும். ஆனால் அது சரிசெய்வது ஓர் இருக்கைக்கு. குடும்பத்தில் ஏழெட்டுப் பேர் உட்காரும் அறையில் ஓரத்து இருக்கைக்காரருக்கு அதனால் நன்மை குறைவு. கருவி கொஞ்சம்தான் கைகொடுக்கும், மற்றதைச் சுவரில் குறித்த புள்ளிதான் செய்ய வேண்டும்.

உயரத்துக்கு வருவோம். முன் ஸ்பீக்கர்களில் கீச்சு ஒலியைத் தரும் ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றரை அடி. ஆனால் நம் வீடுகளில் எல்லோரும் சோபாவில் உட்காருவதில்லை. பெருநாள் இரவிலும் உறவு கூடும் நாளிலும் பாயும் மெத்தையும் விரித்துத் தரையில்தான் பாதிக் குடும்பம் உட்காரும். அவர்களின் காது இரண்டரை அடியில் இருக்கும். அதனால் நான் மூன்றடியைச் சொல்வேன். இரண்டு வரிசைக்கும் அது பொருந்தும். பக்க ஸ்பீக்கர்களை மட்டும் காதுக்கு ஓரடி மேலே வைக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்காருபவரின் தலை மறைத்துவிடும்.

நடு ஸ்பீக்கரைப் பற்றி நின்று பேச வேண்டும். நம் வீடுகளில் மிக அதிகமாகக் கெடுவது அதுதான். படத்தில் வரும் பேச்சில் பெரும்பகுதி அந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. ‘பாட்டு சத்தம் காதைப் பிளக்குது, பேசுறது ஒண்ணும் கேக்கல’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் குறைக்குப் பல சமயம் காரணம் இதன் இடம்தான். மரத்தில் ஷோகேஸ் செய்து, அதன் கீழ்த் தட்டில் ஒரு பொந்து விட்டு, அதற்குள் இந்தப் பெட்டியைத் தள்ளிவிடுகிறோம். பொந்துக்குள் போன பெட்டியின் ஒலி அந்தப் பலகைகளில் மோதிக் கனத்துப் போய், குடத்துக்குள் பேசுவது போல வெளியே வருகிறது. மெய்யெழுத்துகள் முழுகிவிடுகின்றன. தமிழில் ‘ட்’டும் ‘த்’தும் ‘ப்’பும் முழுகினால் வாக்கியமே போய்விடும். பெட்டியின் முகம் தட்டின் விளிம்புக்குச் சற்று வெளியே நீட்டியிருக்க வேண்டும். தரைக்குப் பக்கத்தில் இருந்தால் முகத்தைக் காதை நோக்கி நிமிர்த்தி வைக்க வேண்டும். டி.வி.யை ஐந்தடி உயரத்தில் மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். திரை இறங்கினால் நடு ஸ்பீக்கரும் காது மட்டத்துக்கு வந்துவிடும், கழுத்துக்கும் நல்லது. பணம் மட்டாக இருந்தால், பக்க ஸ்பீக்கர்களைப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். நடு ஸ்பீக்கரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

திரை எந்தச் சுவரில் என்பதை வீட்டுப் பெண்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதே அறையில் தொழுகையும் நடக்கும் என்றால் தொழும்போது முகம் நோக்கும் மேற்குச் சுவரில் திரை வேண்டாம் என்பார்கள். அந்த விருப்பத்தை முதல் நாளே வரைபடத்தில் ஏற்றிவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. முன்வாசலை ஒட்டிய, ஆண்கள் வந்து உட்காரும் பகுதியில் அறையை வைத்தால் வீட்டுப் பெண்களுக்கு அது பாதி நேரம் பயன்படாமல் போகும். வீடு பெண்ணின் வீடு. அறை அவருக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் முறை.

இனி அறையே எழுப்பும் ஒலியைப் பார்ப்போம். ஒவ்வோர் அறைக்கும் தனக்கென்று சில பாஸ் ஸ்வரங்கள் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் மோதி, சில அதிர்வெண்களில் பெருத்துவிடும். பதினாறு அடி நீளம், பதினோரு அடி அகலம், பத்தடி உயரம் என்றால் அவை ஏறக்குறைய 36, 52, 57 ஹெர்ட்ஸ். மூன்றும் தள்ளித் தள்ளி இருப்பது நல்லது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சதுரமாகக் கட்டினால் நீளமும் அகலமும் ஒரே ஸ்வரத்தில் கூடிக்கொண்டு, ஒரு பாஸ் மட்டும் இடிபோல் முழங்கும். ஆகவே சதுர அறை வேண்டாம். நீளத்தில் சரிபாதியில் உட்காரவும் வேண்டாம், அந்த 36 ஹெர்ட்ஸ் அங்கே கேட்கவே கேட்காது. பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தாலோ பாஸ் பெருத்துக் குழம்பும். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருவது நல்ல இடம். மேலே நாற்காலி போட்ட இடம் அதற்கு ஒட்டியே வருகிறது.

சப்வூஃபரை எங்கே வைப்பது? 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். அதனால் அதை எங்கும் வைக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். திசை தெரியாது என்பது உண்மை. அளவு மாறும் என்பதும் உண்மை. மூலையில் வைத்தால் பாஸ் மிகுந்து ஒலிக்கும், ஆனால் அறையின் எல்லா ஸ்வரங்களையும் கிளப்பிவிடும். ஒரு பழைய உபாயம் இருக்கிறது. சப்வூஃபரை உட்காரும் இடத்திலேயே வைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்பது. எங்கே பாஸ் தெளிவாகவும் சமமாகவும் கேட்கிறதோ அங்கே அதை வைப்பது. இரண்டு வாங்க வசதியுள்ளவர்களுக்கு டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு உதவும். இரண்டையும் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் பல இருக்கைகளுக்கும் பாஸ் ஒரே மாதிரி கிடைக்கும் என்று அவர் காட்டினார். புது வீட்டில் இதற்குச் செலவு ஒன்றுமில்லை. முன்சுவர் நடுவிலும் பின்சுவர் நடுவிலும் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டும் ஒரு பைப்பும் விட்டுவைத்தால் போதும்.

புது வீட்டின் வெற்று அறையில் கை தட்டிப் பாருங்கள். தட்டின ஒலி போகவே போகாது. டைல்ஸ் தரை, சிமென்ட் பூச்சு, கான்க்ரீட் தளம், எல்லாம் ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் ஒரு விரிவுரை அறையில் பேச்சே விளங்கவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி மடிய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அறைக்குள் மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற அறிவியலே அந்த மெத்தைகளில் பிறந்தது. அவர் கண்ட கணக்கின்படி நம்முடைய பதினாறுக்குப் பதினோரு அடி அறை வெறுமையாக இருந்தால் முழக்கம் இரண்டு நொடிக்கு மேல் நிற்கும். படம் பார்க்க அரை நொடிக்குக் கீழே வர வேண்டும். அதற்கு முழுதாக உறிஞ்சும் பரப்பு ஏறக்குறைய 190 சதுர அடி வேண்டும். தடித்த திரைச்சீலை, தரையில் கனமான விரிப்பு, துணி மேலுறை போட்ட சோபா, மெத்தைகள், உட்காரும் மனிதர்கள் எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் செய்துவிடும். மிச்சத்துக்கு இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் ராக்வூல் பலகைகளைத் துணிபோட்டு மூடிச் சுவரில் மாட்டலாம். முட்டை அட்டை போல மேடுபள்ளமாக விற்கும் மெல்லிய ஃபோம், கீச்சுக் குரலை மட்டும் விழுங்கிவிட்டுப் பாஸை அப்படியே விட்டுவிடும். அதில் பணத்தைப் போட வேண்டாம்.

பக்கச்சுவரில் எங்கே உறிஞ்ச வேண்டும் என்பதிலும் அறிஞர்களிடையே பிணக்கு உண்டு. ஒருவர் சுவரோரமாக முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, நாற்காலியில் இருப்பவருக்கு அதில் முன் ஸ்பீக்கர் தெரியும் இடமே ஒலி முதலில் பட்டுத் தெறிக்கும் இடம். ஸ்டுடியோ மரபு அங்கே கட்டாயம் பலகை மாட்டச் சொல்லும். கனடாவில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஃபிளாய்ட் டூல் அப்படிக் கட்டாயமில்லை என்கிறார். ஸ்பீக்கர் நல்லதாக இருந்தால், பக்கத்துத் தெறிப்பு ஒலிக்கு விசாலம் தரும் என்பது அவர் கண்டது. நான் இரண்டு அறைகளில் கண்ணாடி பிடித்துப் பார்த்த அனுபவத்தில், பேச்சும் பயானும் அதிகம் கேட்கும் வீட்டுக்குப் பலகை நல்லது, பாட்டு அதிகம் கேட்கும் வீட்டுக்குச் சுவரை விட்டுவிடலாம் என்பேன்.

காயலில் சுவர் நம்முடையது மட்டுமல்ல. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பின்பக்கம் முடுக்கு ஓடுகிறது. பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வரும் அந்த ஒடுங்கிய வழியில் இரண்டு சுவர்களுக்கு நடுவே விழும் ஒலி எங்கேயும் கரையாமல் நீளமாக ஓடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய ஐம்பது டெசிபலைத் தடுக்கும். பேச்சுக்கு அது நல்ல காப்பு. பாஸ் வந்தால் அந்தக் காப்பு வெகுவாகக் குறைந்துவிடும். முடுக்கைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தால் சுவரின் பலம் முழுதும் அந்த ஜன்னலோடு போயிற்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபலும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலும் வரம்பு வைக்கின்றன. தனியார் ஒலிக்கருவியின் சத்தம் மனையின் எல்லையில் இந்த வரம்பை ஐந்து டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டில் இருப்பவர் மாமியோ ராத்தாவோதான். கைக்குழந்தை தூங்கும், ஸுபுஹுக்கு எழும்ப வேண்டிய பெரியவர் இருப்பார். சப்வூஃபரைப் பொதுச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நம் வீட்டு உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். அடியில் தடித்த ரப்பர் போடுங்கள். முடுக்குப் பக்கம் அலமாரியை நிறுத்தித் துணியும் புத்தகமும் நிரப்புங்கள்.

அதற்காக அறையைப் பெட்டிபோல் அடைத்துவிடவும் கூடாது. பாங்கு சொல்வது உள்ளே கேட்க வேண்டும். வீட்டில் இருக்கும் வயதான உம்மாக்களுக்கு அதுதான் கடிகாரம். நாலு பக்கமும் சீல் வைத்த அறையில் அசர் போனதே தெரியாமல் உட்கார்ந்திருப்பது இந்த ஊர் வாழ்க்கைக்கு ஒட்டாது. கனமான கண்ணாடி போட்டு, ரப்பர் விளிம்பு வைத்து, நன்றாக மூடவும் நன்றாகத் திறக்கவும் கூடிய ஒரு ஜன்னலை வைத்துக்கொள்வது சரியான நடுவழி.

கூரை ஸ்பீக்கர் வேண்டுவோர் தளம் போடும் முன்பே முடிவெடுக்க வேண்டும். ஃபேன் பாக்ஸ் வைப்பது போல, கம்பி கட்டும் நாளிலேயே ஜங்ஷன் பாக்ஸும் பைப்பும் வைத்துவிட வேண்டும். இரண்டே இரண்டு கூரை ஸ்பீக்கர் என்றால், டால்பி கணக்குப்படி, உட்காருபவரின் தலைக்குச் சற்று முன்னால் வர வேண்டும். பத்தடி உயரத் தளத்தில் அது ஓரடிக்குச் சற்று மேல். அங்கேதான் ஃபேனும் வர நினைக்கும். இந்த வெயிலில் ஃபேன் இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே ஃபேனை அறையின் முன்பகுதிக்கு நகர்த்தி, ஸ்பீக்கருக்கு இடம் விடுங்கள். இறக்கை சுழலும் வட்டத்துக்குள் ஸ்பீக்கர் வரக் கூடாது.

இனி கடற்கரைக்கே உரிய தொல்லைகள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறுமுகநேரி உப்பளங்கள். கொண்டல் அடித்தாலும் கச்சான் அடித்தாலும் காற்றில் உப்பு வரும். சாதாரணச் செம்புக் கம்பியின் முனை சில ஆண்டுகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென்று விட்டுவிட்டுப் பாடினால் முதலில் அந்த முனையைத்தான் பார்க்க வேண்டும். படகுகளில் போடும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி இங்கே நின்று பிடிக்கும். அது கிடைக்காவிட்டால் முனைகளைப் பற்றவைத்து, பிளக் மாட்டி, மேலே சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். கம்பியின் கனம் இரண்டரை சதுர மில்லிமீட்டர் இருந்தால் இருபது மீட்டர் ஓட்டத்துக்கும் கவலையில்லை. ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரா என்று கேளுங்கள். ஃபோம் விளிம்பு ஓதத்தில் பொடிந்து உதிரும். ஸ்பீக்கர் கம்பியைக் கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் விடாதீர்கள். ஓரடி தள்ளித் தனிப் பைப். திரைக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயரின் தலை பெரிது. அதற்கு இரண்டு அங்குலப் பைப், வளைவில் முழங்கை இல்லாமல்.

2023 டிசம்பரை இந்த ஊர் மறக்காது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. அதற்குப் பிறகு கட்டும் வீட்டில் ஆம்ப்ளிஃபயரைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைப்பது அறியாமல் செய்யும் தவறாக இருக்க முடியாது. மாடியில் அறை வைத்தால் வெள்ளத்துக்குத் தப்பலாம். ஆனால் மாடிப்படி ஏற முடியாத பெரியவருக்கு அந்த அறை இல்லாதது போலத்தான். கீழேயே வைப்பதானால் எல்லாப் பிளக் பாயின்ட்டும் நாலடிக்கு மேலே இருக்கட்டும். கருவிகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். கம்பிகள் தளத்திலிருந்து இறங்கி வரட்டும், தரை வழியாக ஓட வேண்டாம். சப்வூஃபர் ஒன்றுதான் தரையில் நிற்கும். இரண்டு பேர் தூக்கி ஒரே நிமிடத்தில் மாடிக்குக் கொண்டுபோகக் கூடிய எடையில் அதை வாங்குங்கள்.

நண்பர் வீட்டில் அன்று மாலை கொத்தனார் போவதற்கு முன் கடைசியாக ஒரு வேலை செய்தோம். புதைத்த ஒவ்வொரு பைப்புக்கும் பக்கத்தில் இஞ்ச் டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அடி என்று தெரியும்படி சுவர் சுவராகப் படம் எடுத்தோம். மறுநாள் பூச்சு எல்லாவற்றையும் மூடிவிட்டது. இப்போது அந்தப் படங்களின் பிரின்ட் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. நாளைக்கு ஆணி அடிக்க வருபவருக்கும், பத்து வருஷம் கழித்துக் கம்பி மாற்ற வருபவருக்கும் அதுதான் வழிகாட்டி. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு தொடங்கும் முன் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு நாற்காலி, ஒரு நூல் உருண்டை, ஒரு சாக்பீஸ், ஒரு இஞ்ச் டேப் போதும்.